ஒன்று குறைய ஒரு கோடி

இந்தக் காலத்தில் கோடி என்று சொன்னால் யாருக்கும் கண் விரிவதில்லை. டிவியைப் போட்டால் ஆயிரம் கோடி, லட்சம் கோடி. என் பேரன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்கிறான், என்னமோ கத்தரிக்காய் விலை சொல்கிற மாதிரி. நம் வயதுக்காரர்களே, நீங்களே சொல்லுங்கள், நம்மில் யாராவது ஒரு கோடியைக் கண்ணால் பார்த்ததுண்டா? நான் பார்த்திருக்கிறேன். என் கையும் அதில் இருக்கிறது. முழுசாக இல்லை, ஒன்று குறைய.

அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். வேலை இருக்கிறவர்கள் எழுந்து போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எங்களுக்குத் திருப்பதி போகிற வழியில் புத்தூர். பஸ் நிற்கிற இடத்தில் நைனாவுக்குக் கோலி சோடாக் கடை. ஆந்திரா தனியாகப் பிரிந்து, எல்லையை எங்கே போடுவது என்று பெரியவர்கள் அடித்துக்கொண்டிருந்த காலம் அது. சித்தூர் யாருக்கு, திருத்தணி யாருக்கு, திருப்பதி யாருக்கு என்று சுவரெல்லாம் எழுத்து. ஒருநாள் தமிழில் இருக்கும், மறுநாள் அதன்மேல் தெலுங்கில் இருக்கும். நான் மூன்றாம் வகுப்பு. அக்காவுக்குப் பதினைந்து வயது. எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள். கணக்கில் அவள் புலி. அடுப்பு ஊதிக்கொண்டே மனசுக்குள் பெருக்குவாள். எங்கள் எல்லோருக்கும் மூத்தவன் அண்ணன். அவனுக்கு மீசை முளைத்ததும் எல்லைப் பைத்தியமும் கூடவே முளைத்தது.

அம்மாவைப் பற்றி ஒன்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அக்காவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஆண்குழந்தை பிறந்து வாந்திபேதியில் போய்விட்டது. அதைப் புதைத்துவிட்டு வந்த அன்றே அம்மா போய்க் கிணற்றில் குதித்தாள். நைனாதான் உள்ளே இறங்கி முடியைப் பிடித்துத் தூக்கினார். அப்புறம் எந்த வீட்டில் சாவுமேளம் கேட்டாலும் நைனா கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வருவார். அம்மா கண்ணில் பட்டதும் திரும்பிப் போய்விடுவார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் அண்ணனுக்கும் நைனாவுக்கும் சண்டை. திருப்பதியில் எல்லைக்காகக் கூட்டம், போயே தீருவேன் என்று நின்றான் அண்ணன்.

"எந்த ராஜ்ஜியமா இருந்தா உனக்கு இன்னாடா? சோடா குடிக்கிறவன் ஏப்பம் வுடும்போது தமிழ்லயா வுடறான், தெலுங்குலயா வுடறான்?" என்றார் நைனா.

"உனக்கு அவ்ளோதான் தெரியும். கோலிய அமுக்கிக்கினே கெட," என்றான் அண்ணன்.

நைனா கை ஓங்கிவிட்டார். அடிக்கவில்லை. ஓங்கினதோடு சரி. அண்ணன் தட்டில் கைகழுவிவிட்டு எழுந்தான். "துன்னுட்டுப் போடா, பாதிச் சோத்துல எழுந்திரிக்காதடா," என்று அம்மா கத்திக்கொண்டே வாசல்வரை ஓடினாள். மழையில் தலைமேல் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு அவன் நடந்து போனதுதான் கடைசி.

ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. மழை விடவில்லை. அண்ணன் வரவில்லை. அம்மா ராத்திரியில் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதை நிறுத்தினாள். "வந்து தட்டிக்கினு நிப்பான், எனக்குக் காது கேக்காம போயிட்டா?" என்பாள். அப்போது அவளுக்குக் காது நன்றாகத்தான் கேட்டது.

பிறகு ஒருநாள் ரேணிகுண்டாவிலிருந்து நைனாவுக்குத் தெரிந்த ரயில்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். அவரோடு நைனா கிளம்பிப் போனார். "புள்ளையத் தேடிக்கினு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர் மூன்றாம் நாள் சாயங்காலம் வந்தார். தலை மொட்டை. மீசையும் இல்லை. சொட்டச் சொட்ட நனைந்து வாசலில் நின்றார்.

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "பெருமாளுக்கு முடி குடுத்துட்டு வந்துட்டியா? அப்போ புள்ள வந்துருவான். சாமி கைவுட மாட்டான்," என்றாள். தெருவே அப்படித்தான் நினைத்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் மொட்டைத் தலையோடு வந்தால் "எப்போ மலைக்குப் போயிட்டு வந்தே?" என்றுதான் கேட்போமே தவிர வேறெதுவும் கேட்கத் தோன்றாது. நான் கேட்டது ஒன்றே ஒன்று. லட்டு எங்கே?

"கெடைக்கல கண்ணு. கூட்டம்," என்றார் நைனா.

நான் அழுதேன். பாவி, லட்டுக்கு அழுதேன். அக்கா மட்டும் நைனாவின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் நாமம் இல்லை.

பக்கத்து வீட்டில் ஒரு தெலுங்குக்கார அம்மா இருந்தாள். ராமகோடி எழுதினால் போனவர்கள் திரும்பி வருவார்கள் என்று அவள்தான் அம்மாவுக்குச் சொன்னாள். அவளுடைய தம்பி அப்படித்தான் ரங்கூனிலிருந்து வந்தானாம். கட்டம் போட்ட தாளில், கட்டத்துக்கு ஒன்றாக, ஸ்ரீராம ஸ்ரீராம என்று ஒரு கோடி தடவை எழுத வேண்டும். முடிந்ததும் ராமநவமிக்குக் கொண்டுபோய்ப் பஜனை மடத்தில், எங்கள் பக்கம் மந்திரம் என்பார்கள், வைக்க வேண்டும். அம்மா என்னை இழுத்துக்கொண்டு அந்த மந்திரத்துக்குப் போனாள். ஒரு வீட்டிலிருக்கிறவர்கள் பங்கு போட்டு எழுதலாமா, தமிழில் எழுதலாமா என்று கேட்டாள். எல்லாம் செய்யலாம் என்றார் அங்கிருந்த பெரியவர். ஆனால் ஒன்று குறைந்தாலும் கோடி ஆகாது என்றார். "ஒக்கட்டி தக்குவையினா கோடி காதம்மா." அவர் விரலை ஆட்டிச் சொன்னது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அக்காவைக் கூப்பிட்டாள். "நாம நாலு பேரு கீறோம். பங்கு போடு."

"ஆளுக்கு இருபத்தஞ்சு லட்சம்," என்றாள் அக்கா, ஒரு மூச்சுகூட விடாமல்.

"மிச்சம்?"

"மிச்சமே இல்ல. சரியா வகுபடுது."

"பாத்தியா, சகுனம்!" என்று அம்மா சிரித்தாள். அண்ணன் போனபிறகு அன்றுதான் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. நைனாவுக்குச் சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனவள் வர வெகுநேரம் ஆயிற்று. வந்தபோது கண் இரண்டும் கோவைப்பழம். புகை என்றாள். சோடாக் கடையில் ஏது புகை? ஒன்பது வயதில் இதெல்லாம் உறைக்குமா?

சாயங்காலம் நைனா வந்தார். அம்மா பென்சிலை நீட்டினாள்.

"என்னால எழுத முடியாது," என்றார்.

"எழுதத்தான் தெரியுமே உனக்கு."

"தெரியும். எழுத மாட்டேன்."

அன்றைக்கு அம்மா பேசின பேச்சு இருக்கிறதே! இன்னா மனுசன்யா நீ, கல்லா, பெத்தவனா, கை ஓங்கி வெரட்டினவன் நீதானே என்று. நைனா மொட்டைத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கும் அவர்மேல் அப்படி ஒரு கோபம்.

"வுடும்மா, மூணு பேரா எழுதலாம்," என்று அக்கா என் ஸ்லேட்டை எடுத்தாள். மூன்றால் வகுத்தாள். மும்மூணு ஒன்பது, மிச்சம் ஒன்று. பூஜ்யத்தை இறக்கினால் மறுபடி பத்து, மறுபடி மும்மூணு ஒன்பது, மறுபடி ஒன்று. ஆளுக்கு முப்பத்து மூன்று லட்சத்து முப்பத்து மூவாயிரத்து முந்நூற்று முப்பத்து மூன்று. கடைசியில் ஸ்லேட்டின் அடியில் அந்த ஒன்று நின்றது.

"தப்பாப் போட்டுட்டே," என்று நான் பிடுங்கிப் போட்டுப் பார்த்தேன். எனக்கும் ஒன்று நின்றது. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். போகவே இல்லை.

"எத்தினி வாட்டி போட்டாலும் அது நிக்கும்டி," என்றாள் அக்கா. "பத்த மூணால வகுத்தா ஒண்ணு மிஞ்சும். நூற வகுத்தாலும் ஒண்ணு மிஞ்சும். எத்தினி பூஜ்யம் சேத்தாலும் அந்த ஒண்ணு போவாது. ரெண்டையும் அஞ்சையும் பெருக்கிப் பெருக்கிப் பண்ணினது இந்தக் கோடி. உள்ள மூணுக்கு எடமே இல்ல."

"அப்போ மிஞ்சினத யாரு எழுதறது?" என்று அம்மா கேட்டாள்.

அக்கா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "அது அண்ணன் பங்கு. அவன் வந்து அவன் கையால எழுதட்டும்."

அம்மா என்ன செய்தாள் தெரியுமா? அந்த ஸ்லேட்டை வாங்கி, அடியில் நின்ற ஒன்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இப்படித்தான் ஆரம்பித்தது. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஸ்ரீயைக் கோலம் மாதிரிப் போடச் சொல்லிக்கொடுத்தாள் அக்கா. அம்மாவின் ஸ்ரீக்குக் கடைசியில் ஒரு வால் சுருண்டு நிற்கும், பூனை படுத்திருக்கிற மாதிரி. உலகத்தில் அவளுக்குப் படிக்கத் தெரிந்தது அந்த ஒரு பெயர்தான். லாரி நெற்றியில் அதைப் பார்த்துவிட்டால் ரோட்டிலேயே நின்று சத்தமாகப் படிப்பாள். எனக்கு வெட்கமாக இருக்கும்.

நைனா பெயர் எழுதவில்லையே தவிர, தாள் வாங்கி வந்தது அவர்தான். கடை சாத்திவிட்டு வந்து, விளக்கடியில் உட்கார்ந்து, பக்கத்துக்குப் பத்துக்குப் பத்தாக நூறு கட்டம் கோடு போடுவார். அதுவும் தினமும். கோலியை அமுக்கி அமுக்கிக் காய்ப்புப் பிடித்த கட்டைவிரல் ரூல்தடிமேல் அழுந்தியிருக்கும். அவரிடம் சோடா வாசனை வரும், மூக்கைச் சுருக்கென்று குத்துகிற வாசனை. "கட்டம் போட வருது, ராமா எழுத மட்டும் கை வரல," என்பாள் அம்மா. அவர் காதில் விழாத மாதிரி அடுத்த கோட்டைப் போடுவார்.

நடுவில் நாயுடுபேட்டை அத்தை வந்தாள், நைனாவின் தங்கை. "நானும் ஒரு பங்கு எழுதறேன் அண்ணி, நாலு பேராச்சுன்னா சீக்கிரம் முடியும்," என்று ஆசையாகத்தான் சொன்னாள். அக்கா வெடுக்கென்று, "ஒண்ணும் வாணாம். உன் வேலையப் பாத்துக்கினு போ," என்றாள். அத்தை அழுதுகொண்டே பஸ் ஏறினாள். அக்காவுக்குத் திமிர் என்று சொந்தத்தில் பெயர் வந்தது. அந்தப் பெயர் அவள் சாகிறவரைக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும், ஆசைப்பட்டு எழுதுவதற்கும் கடமைக்கு எழுதுவதற்கும் வித்தியாசம் உண்டு. நான் ஆசைப்பட்டு எழுதினேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் அண்ணன் ஒரு எட்டு வீட்டுப் பக்கம் வைக்கிறான் என்று வைத்துக்கொண்டேன். நூறு கட்டம் முடிந்தால் பேட்டைத் தெரு திரும்பிவிட்டான் என்பேன். ஸ்கூலில் தமிழ் வாத்தியார் போய்த் தெலுங்கு வாத்தியார் வந்தார். திருத்தணி அந்தப் பக்கம் என்றும் நாங்கள் இந்தப் பக்கம் என்றும் முடிவாயிற்று. "எல்லைய மாத்திட்டாங்களே, புள்ளைக்கு வழி தெரியுமா?" என்று அம்மா பயந்தாள். "வீடு அங்கியேதானே கீது," என்று நைனா மெதுவாகச் சொன்னார். அன்று மட்டும் அம்மா அவரைத் திட்டவில்லை.

அக்காவைத் திருத்தணியில் கொடுத்தார்கள். தாள் கட்டோடு போனாள். மாமியார் வீட்டில் எத்தனை பேச்சு வாங்கினாளோ, தன் பங்கை ஒன்று விடாமல் எழுதினாள். எனக்கும் தாவணி போய்ப் புடவை வந்தது. வருஷங்கள் ஓடின. கட்டுக் கட்டாகத் தாள் மூலையில் ஏறிக்கொண்டே போய்க் கூரையைத் தொட்டது.

கடைசிப் பக்கம் வந்தபோது அக்கா கைக்குழந்தையோடு வந்தாள். மூன்று பேருக்கும் முப்பத்து மூன்று முப்பத்து மூன்று கட்டம் பாக்கி. ஒரே தாளில் எழுதினோம். முதலில் அம்மா, அப்புறம் அக்கா, அப்புறம் நான். தொண்ணூற்றொன்பது கட்டம் நிறைந்தது. வலது பக்கம் கீழ் மூலையில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. நைனா எட்ட நின்று அந்தக் கட்டத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

"இனிமே அவன் வர்றது ஒண்ணுதான் பாக்கி," என்றாள் அம்மா. அந்தத் தாளைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு ராமநவமிக்கும் எடுத்துப் பார்ப்பாள். பென்சிலைச் சீவி வைப்பாள். கோடி முடியவில்லை, அதனால் ராமன்மேல் குற்றமில்லை, அதனால் பிள்ளை இன்னும் வரலாம். அவள் கணக்கு அவ்வளவுதான்.

நைனா முதலில் போனார். நடுவீட்டில் கிடத்தியிருந்தபோது அம்மா அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும், "பெத்த புள்ளைக்கு ஒரு எழுத்து எழுதாத கை," என்றாள். அக்கா, "ஐயோ, போதும்மா! வுட்டுரும்மா!" என்று போட்ட கூச்சலில் பறையடித்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். நான் அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா அதற்கப்புறமும் வெகுகாலம் இருந்தாள். கண் போயிற்று, காதும் நிஜமாகவே போயிற்று. பேரப்பிள்ளைகளைக் குளிப்பாட்டினாள், ஊறுகாய் போட்டாள், சிரித்தாள். தாழ்ப்பாள் மட்டும் போடவே இல்லை. ஒருநாள் மத்தியானத் தூக்கத்தில் போய்ச் சேர்ந்தாள்.

காரியம் முடிந்து சொந்தமெல்லாம் கிளம்பிய பிறகு, அம்மாவின் தலையணை அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். அக்கா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"இனிமே சொல்லலாம்," என்றாள். "அண்ணன் அந்த மழையிலேயே போயிட்டான்டி."

சொர்ணமுகி ஆற்று வெள்ளத்தில் இறங்கிக் கடக்கப் பார்த்திருக்கிறான். பல நாள் கழித்து ரேணிகுண்டா பக்கம் கரை ஒதுங்கியிருக்கிறான். நைனாவைக் கூட்டிப்போய் அடையாளம் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அங்கேயே எரித்துவிட்டு, மலையடிவாரத்துக் கபில தீர்த்தத்தில் மொட்டை அடித்து முழுகிவிட்டு வந்திருக்கிறார். தீட்டோடு மலை ஏறக்கூடாதல்லவா? அதனால்தான் நாமம் இல்லை. அதனால்தான் லட்டு இல்லை.

"நீ லட்டு கேட்டு அழுதப்பவே எனக்குச் சந்தேகம். கடைக்குப் போயிக் கேட்டேன். சோடா மிஷினு மேல தலைய வெச்சிக்கினு அழுதாரு. அம்மாகிட்ட சொன்னா கெணத்துல குதிச்சிருவான்னாரு. சொல்லலன்னா மட்டும் இன்னா? நாலு பேரும் எழுதிக் கோடி முடிஞ்சிரும். முடிஞ்ச அன்னிக்கி அவன் வரலன்னா?"

என் கையிலிருந்த தாளை வாங்கி, வெறும் கட்டத்தை விரலால் தொட்டாள்.

"நாலால வகுத்தா மிச்சமில்ல. மூணால வகுத்தாத்தான் ஒண்ணு நிக்கும். நைனா, நீ எழுதாதன்னு நான்தான் சொன்னேன். சரிம்மான்னுட்டாரு. அம்மா அவர இன்னா பேச்சுப் பேசுவான்னு அப்போ நான் நெனைக்கல. எனக்குப் பதினஞ்சு வயசுடி."

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயில் என்னென்னவோ வந்தது. "அடிப்பாவி, நான் எழுதினேனே! அவன் வரான் வரான்னு ஒவ்வொரு கட்டமா எழுதினேனே!" என்றேன்.

"நானும்தான் எழுதினேன்," என்றாள் அக்கா. "வரமாட்டான்னு தெரிஞ்சிக்கினே எழுதினேன்."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அவளுடைய முப்பத்து மூன்று லட்சத்தையும் நினைத்து அழுதேன். கல்லென்று பேர் வாங்கிக்கொண்டு கோடு போட்ட அந்தக் கட்டைவிரலை நினைத்து அழுதேன். அவர்கள் இரண்டு பேரும் செய்தது சரியா தப்பா, எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அம்மாவை வாழவும் வைத்தது, வாசலைப் பார்த்தே சாகவும் வைத்தது அந்த ஒன்றுதான். உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

இப்போது அக்காவும் இல்லை. போன தை மாதம் போனாள். மூலையில் அடுக்கியிருந்த கட்டுகளைக் கறையான் தின்றது பாதி, மழை தின்றது பாதி. நான் திருப்பதியில் மகள் வீட்டில் இருக்கிறேன். கடைசித் தாள் மட்டும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. பழுத்துப்போன தாளில் அம்மாவின் பூனைவால் ஸ்ரீ, அக்காவின் நேரான ஸ்ரீ, என்னுடைய கோணல் ஸ்ரீ. சுற்றிலும் நைனாவின் கோடுகள்.

போன வாரம் மகள் அதைப் பார்த்துவிட்டாள். எல்லாக் கதையும் தெரிந்தவள். "ஒரு கட்டம்தானேம்மா? நீயே எழுதி முடிச்சுடு. பாவம், எல்லாரும் போயாச்சு, யாருக்காக வெச்சிருக்கே?" என்றாள். நியாயம்தான். பென்சிலைச் சீவினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை விரித்து உட்கார்ந்தேன். சொர்ணமுகி தெரியும், கபில தீர்த்தம் தெரியும், மொட்டைத் தலை தெரியும். எல்லாம் தெரிந்துதான் உட்கார்ந்தேன்.

கை வரவில்லை. தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் படுத்தேன். மகள் வந்து வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். அவள் உள்ளே போகிறவரைக்கும் காத்திருந்து, நான் எழுந்து போய்த் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு வந்தேன்.